நந்தி காதில் சொன்ன கலவாப் பார்

அத்தியாயம் 9

துப்பறியும் நிபுணர் கனகசபேசன் கொலைக்கு அஞ்சியதில்லை, கொள்ளைக்கும் அஞ்சியதில்லை. மீன் வாசனை ஒன்றுதான் அவருக்கு ஆகாது. சிதம்பரம் கீழவீதியில், வாடகைச் சைக்கிள் கடையின் மாடியிலிருந்த அவருடைய ஆபீசுக்குள் ராணியம்மாள் நுழைந்து, மேசைமேல் ஒரு தூக்குப் பாத்திரத்தை வைத்து மூடியைத் திறந்ததும், அவர் நாற்காலியோடு மூன்றடி பின்னால் போனார். அந்த நாற்காலிக்குச் சக்கரம் கிடையாது.

தூக்குக்குள் ஒரு மீன் தலை இருந்தது. மாடிப்படி ஏறி வந்த களைப்பு தீராததுபோல வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"கலவா" என்றான் உதவியாளன் கொளஞ்சி. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்தவன். பி.ஏ. பரீட்சையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் விடைத்தாளைத் திருத்தியவரைச் சிரிக்க வைத்தவன். "நல்ல சாதிக் கலவா சார். தலைக்கறி வச்சா தெருவே திரும்பிப் பாக்கும்."

"மூடு" என்றார் கனகசபேசன், பச்சைக்கற்பூரம் முடிந்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு. "மீனையும் மூடு, வாயையும் மூடு. நீங்க சொல்லுங்கம்மா."

ராணியம்மாள் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே மேட்டுக்குப்பத்தைச் சேர்ந்தவள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "இது இந்த ஊரு மிலிட்டரி ஓட்டல்ல வாங்கின தலைங்க. எங்க பாருல புடிச்ச மீனு. இப்ப அங்க யாரும் தூண்டி போடக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு."

"பார்னா?"

"கடலுக்கு அடியில பவளமும் கல்லுமா மேடு கெடக்கும் சார்" என்றான் கொளஞ்சி. "மீனுக்கெல்லாம் அதான் ஊரு. சந்நிதித் தெரு மாதிரி."

"தைப்பூசத்துலேருந்து மாசி மகம் வரைக்கும் கலவா அங்க வந்து கூடி முட்டை வுடும்" என்றாள் ராணியம்மாள். "ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி நாங்களே ஆசைப்பட்டு அள்ளினோம். அடுத்த மூணு வருஷம் பாரு மொட்டை. வெதை நெல்லைக் குத்தித் தின்ன கதைதான். அப்பறம்தான் இந்தக் கட்டுப்பாடு. இப்ப என்னடான்னா, எவனோ இன்ஜின் லாஞ்சு எடுத்துக்கினு வந்து நேரா எங்க பாரு தலையில நிக்கறான்."

"கடல் எல்லாருக்கும் பொதுவாச்சே அம்மா."

"கடல் பொதுதாங்க. பாரு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியாதே."

அந்த இடத்தில்தான் விவகாரம் இருந்தது. நடுக்கடலில் மைல்கல் கிடையாது. கரையைத் திரும்பிப் பார்த்தால் சிதம்பரம் கோபுரம் இன்ன மரத்துக்குப் பின்னால் சரியாக ஒளிய வேண்டும். அது ஒரு குறி. வடக்கே சவுக்குத் தோப்பின் இன்ன முனை இன்ன மேட்டைத் தொட வேண்டும். அது இன்னொரு குறி. இரண்டும் ஒருசேர அமைந்தால் காலுக்குக் கீழே பார். ஒரே ஆளிடம் இரண்டு குறியும் இருந்தால் ஆசை வந்துவிடும் என்று, மேட்டுக்குப்பத்தார் கோபுரக் குறியை ஒரு குடும்பத்திடமும் தோப்புக் குறியை இன்னொரு குடும்பத்திடமும் தலைமுறையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும்.

"கோபுரக் குறி எங்க வூட்டுக்காரரு சின்னப்பிள்ளைகிட்ட. தோப்புக் குறி என் அண்ணன் குப்பன்கிட்ட" என்றாள் அவள். "ரெண்டு பேரும் மச்சான் மாப்ளைன்னுதான் பேரு. பேசி மூணு வருஷம் ஆவுது. இப்ப இவரு அவரைச் சொல்றாரு, அவரு இவரைச் சொல்றாரு. சனிக்கெழம பஞ்சாயத்து. யாரு குறியை வித்ததுன்னு தெரியலன்னா ரெண்டு குடும்பத்தையும் ஒரு வருஷம் வெலக்கி வைப்பேன்னுட்டாரு நாட்டாரு. நெருப்பு, தண்ணி கெடையாது. கட்டுமரத்தைக் கடல்ல தள்ள ஒருத்தன் கை குடுக்க மாட்டான். புருஷன் வூடும் பட்டினி, பொறந்த வூடும் பட்டினி. நான் எந்த வூட்டுக்குங்க போறது?"

கனகசபேசன் கைக்குட்டையை இறக்கினார். அதுவே அவருடைய சம்மதம். அன்று புதன்கிழமை.

*

மிலிட்டரி ஓட்டலின் சமையற்கட்டில் செல்லாயி ஆட்சி செய்தாள். கையில் அரிவாள்மணை, எதிரே மலைபோல் மீன்.

"வா தம்பி" என்று கொளஞ்சியைப் பார்த்ததும் சொன்னாள். "நேத்துதானே தலைக்கறி தின்னுட்டுப் போன? முந்தா நேத்தும் வந்தியே."

கனகசபேசன் மெல்லத் திரும்பி உதவியாளனைப் பார்த்தார்.

"விசாரணையை முன்கூட்டியே ஆரம்பிச்சிட்டேன் சார்" என்றான் கொளஞ்சி.

"பத்து நாளா இந்தக் கூத்துதான்" என்றாள் செல்லாயி. "வயித்தைக் கீறினா ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கை முட்டை. தூக்கிப் போடறப்ப எனக்கே பாவமா இருக்குது. ஏன் கேக்கற, பேண்ட் போட்டவன் அத்தினி பேருக்கும் கலவா தலைதான் வேணுமாம். சூடை இருக்குது, நெத்திலி இருக்குது, காரப்பொடி இருக்குது. அள்ள அள்ளப் பெருகற மீனு. அதைத் தின்னா கௌரவம் கொறஞ்சிடுமாம். மீனுக்குத் தலை பெருசா இருக்கணும், திங்கறவனுக்கு இல்லன்னாலும் பரவால்ல."

கொளஞ்சி கூரையில் எதையோ தேடினான்.

"யாரம்மா கொண்டு வர்றது?"

"கடலூர் ஓல்ட் டவுன்லேருந்து வேன்ல வருது. வேன்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. மொதலாளி யாருன்னு கேட்டா மேல கைய காட்டறான். சாமின்றானா, மாடின்றானா, தெரியல."

மூலையில் மீன் வந்த தகரப் பெட்டி கிடந்தது. உருகிய ஐஸ் தண்ணீரில் வைக்கோல் மிதந்தது. கனகசபேசன் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து, இரண்டு விரலால் அதை எடுத்தார். வட்டமாக, வளையல்போல முறுக்கியிருந்த வைக்கோல் பிரி. முறத்தளவில் ஒன்று, தட்டளவில் ஒன்று, உள்ளங்கை அளவில் ஒன்று.

"வழக்கமா ஐசுக்கு எதைப் போடுவாங்க?"

"உமி இல்லன்னா மரத்தூள். இவன் ஒருத்தன்தான் வைக்கோலு போடறான்" என்றாள் செல்லாயி.

"மாடு வளக்கறவனா இருப்பான் சார்" என்றான் கொளஞ்சி.

"மாட்டுக்கு வைக்கோலை வளையல் பண்ணிப் போடறதை நீ எங்க பார்த்தே?" என்று கேட்டுவிட்டு, மூன்று பிரிகளையும் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார் நிபுணர். இனி அந்தக் கைக்குட்டை எதற்கும் உதவாது என்பதை இரண்டு நிமிஷம் கழித்துத்தான் உணர்ந்தார்.

*

மறுநாள் காலை பாசஞ்சர் ரயிலில் பரங்கிப்பேட்டையில் இறங்கி, மணலில் நடந்து, மேட்டுக்குப்பம் போய்ச் சேர்ந்தார்கள். செருப்புக்குள் கடற்கரையில் பாதியை நிபுணர் சுமந்து வந்திருந்தார்.

சின்னப்பிள்ளை கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். நாற்பது தப்படி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு குப்பன் வலை பழுது பார்த்தார். நடுவே காற்று, கரையில் அலை விழுந்து உடையும் சத்தம்.

"குறியை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார் கனகசபேசன்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றார் சின்னப்பிள்ளை. "அந்தா முதுகு காட்டிக்கினு இருக்குதே, அதைக் கேளுங்க."

கொளஞ்சி நடந்து போய்க் கேட்டான். "செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றார் குப்பன். "அங்க மரத்து மேல குந்திக்கினு இருக்குதே, அதைக் கேளு."

திரும்பி வந்து கொளஞ்சி அறிக்கை சமர்ப்பித்தான்: "ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் சார்."

கனகசபேசன் கண்ணை மூடி யோசித்தார். "சின்னப்பிள்ளை, ஒரு சந்தேகம். ஒரே புயல்ல நீங்க ரெண்டு பேரும் போயிட்டா குறி என்ன ஆகும்?"

"அதுக்கு ஏற்பாடு இருக்குதுங்க. வருஷா வருஷம் தைப்பூசத்தன்னிக்கு சிதம்பரம் கோயிலுக்குப் போயி, பிராகாரத்து நந்தி காதுல சொல்லி ஒப்படைச்சிடுவோம். என் குறி இடது காதுல, அவரு குறி வலது காதுல. நான் காலையில போவேன், அவரு மத்தியானம் போவாரு. சாமிகிட்ட இருந்தா பத்திரம். மனுஷன்கிட்ட மூச்சு வுட்டதில்ல."

"எப்படிச் சொல்வீங்க?"

"ரகசியமாத்தான். கையை மறைச்சி வச்சிக்கினு, மெதுவா."

நிபுணர் குனிந்து தன் காதை நீட்டினார். "நான்தான் நந்தி. குறி வேண்டாம். வேற ஏதாவது, மனசுல இருக்கற ரகசியம் ஒண்ணு சொல்லுங்க. அதே மாதிரி மெதுவா."

சின்னப்பிள்ளை கையைக் குவித்து, சுற்றும் முற்றும் பார்த்து, நிபுணரின் காதோடு வாய் வைத்து ரகசியம் சொன்னார். பிறந்தது முதல் அலையோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய தொண்டை அது.

"எங்க மச்சான் குப்பன் ஒரு மகாக் கஞ்சன்!"

கட்டுமரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு காக்கைகள் பறந்தன. நாற்பது தப்படிக்கு அப்பால் முதுகு திரும்பியது.

"யார்ரா கஞ்சன்? தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு நாள் சாப்பாடு போட்டவன் கஞ்சனா?"

"மூணு நாளும் ரசம்தானே ஊத்துன!"

மூன்று வருஷ மௌனம் கலைந்தது. கொளஞ்சி நெகிழ்ந்து போனான். கனகசபேசனுக்கு வலது காதில் மட்டும் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"கொளஞ்சி" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. "குறியை யாரும் விற்கலை. ரெண்டு பேரும் கோயில்ல நின்னு தண்டோராப் போட்டுட்டு வந்திருக்காங்க."

"அப்ப நந்தி பக்கத்துல உக்காந்திருந்த எவனோ சார்!"

"காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்த எவனோ. யாருன்னு நாம சொல்லிப் பிரயோஜனமில்லை, அவனே வந்து சொல்லணும். சின்னப்பிள்ளை, லாஞ்சு ஏறினா இறங்க முடியாத இடம் ஏதாவது உங்க கடல்ல உண்டா?"

சின்னப்பிள்ளையும் குப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முகத்துவாரத்து மணல் திட்டு" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

*

வெள்ளிக்கிழமை காலை கொளஞ்சி பிராகாரத்துத் தூண் ஒன்றின் மறைவில், பக்தி முற்றியவன்போல் நின்றான். நந்தியின் அருகே மூன்று பேர் இருந்தார்கள். பூத்தொடுக்கும் பாலாம்பாள். பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவன். அவன் நோட்டில் எதையோ விடாமல் எழுதிக்கொண்டிருந்தான். அப்புறம், நெற்றி கொள்ளாத விபூதியோடு தேவாரம் ஓதிக்கொண்டிருந்த பாத்திரக்கடை சிற்றம்பலம். ஊர் ஜீவகாருண்ய சங்கத்தின் தலைவர். எறும்புக்கு அரிசி நொய் போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பவர் என்று பேர்.

கொளஞ்சி அந்த மாணவனைக் குறித்துக்கொண்டான். குறிப்பெடுக்கிற மாணவனை அவன் தன் கல்லூரி வாழ்க்கையில் கண்டதில்லை. அதுவே பெரிய சந்தேகம்.

முதலில் சின்னப்பிள்ளை வந்தார். இடது காதில் கையைக் குவித்தார்.

"சாமி! பழைய பாரு போச்சு! அதைவிடப் பெரிய பாரு இன்னொண்ணு இருக்குதே, அதையாவது காப்பாத்து! கோபுரம் முகத்துவாரத்து ஒத்தைப் பனைக்குப் பின்னால மறையணும்! மறந்துடாதே!"

புறாக்கள் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. ஒரு மணி நேரம் கழித்துக் குப்பன் வந்து வலது காதில் மிச்சத்தை ஒப்படைத்தார். மாணவனின் பேனா ஓடியது. பாலாம்பாள் தலை நிமிராமல், "கொஞ்சம் மெதுவா வேண்டிக்கய்யா, சாமிக்கு வயசாயிடுச்சு" என்றாள். சிற்றம்பலம் கண்மூடி ஓதியபடியே இருந்தார்.

"பையன்தான் சார்" என்று வெளியே வந்து சத்தியம் செய்தான் கொளஞ்சி. "தப்புன்னா ஒரு மாசம் கலவா தொட மாட்டேன்."

"தப்பில்லைன்னாலும் தொடாதே" என்றார் கனகசபேசன்.

*

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேட்டுக்குப்பமே கரையில் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. முகத்துவாரத்துக்கு எதிரே, இடுப்பளவு தண்ணீருக்குள் மறைந்து கிடந்த மணல் திட்டில், புது விசைப்படகு ஒன்று ஒருக்களித்துப் படுத்திருந்தது. இன்ஜின் மட்டும் இன்னும் நம்பிக்கையோடு உறுமிக்கொண்டிருந்தது.

இரண்டு கட்டுமரம் போய் ஆட்களை ஏற்றி வந்தது. முதலில் இறங்கியவன் நாகப்பட்டினத்து டிரைவர். "நான் அப்பவே சொன்னேன், தண்ணி நெறம் சரியில்ல மொதலாளின்னு" என்று கரையைத் தொடும் முன்பே புலம்பினான். "கேக்கலியே. நானே வந்து எடம் காட்டறேன்னு கூடவே ஏறிக்கினாரு."

இரண்டாவதாக இறங்கியவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, கக்கத்தில் தேவாரப் புத்தகத்தோடு வந்தார். கடல்நீர் பட்டும் விபூதி கலையவில்லை.

கொளஞ்சி நிபுணரின் கையைப் பிடித்து இழுத்தான். "சார்... ஜீவகாருண்யம்!"

"வைக்கோல் பிரியைப் பார்த்தப்பவே பாத்திரக்கடைன்னு தெரியும்" என்றார் கனகசபேசன். "அண்டா அடியில பெரிய வளையம், குடத்துக்கு நடுத்தரம், செம்புக்குச் சின்னது. உருண்டை அடி வச்ச சாமானை உருளாம லாரியில கொண்டு வர வேற வழி கிடையாது. பாத்திரம் வந்த பெட்டியிலேயே மீனை அனுப்பியிருக்கார், வைக்கோலை எடுக்கக்கூட மனசு வரலை. ஆனா சிதம்பரத்துல பாத்திரக்கடை ஆறு. நந்தி பக்கத்துல உட்கார்றது ஒண்ணுதான்."

டிரைவரின் பையிலிருந்த படகுக் காகிதத்தை வாங்கிக் கொளஞ்சி படித்தான். படித்துவிட்டு மறுபடியும் படித்தான். "சார், சர்க்கார் மானியத்துல வாங்கின லாஞ்சு. விண்ணப்பதாரர் சிற்றம்பலம். தொழில்னு கேட்ட இடத்துல, பரம்பரை மீனவர்னு எழுதியிருக்கார்."

கூட்டத்தில் சிரிப்பு அலையடித்தது. சிற்றம்பலம் நிமிர்ந்து நின்றார். "எதுக்குச் சிரிக்கறீங்க? ஜென்மத்துல ஒரு மீன் வாயில வச்சதில்லை நான். திங்கறவன் பாவம், திங்கறவனுக்கு!"

"திங்கறவன் ஒரு தலை தின்னான்" என்றார் கனகசபேசன். "நீங்க வாயில வைக்காமலே ஒரு தலைமுறையைத் தின்னுட்டீங்க."

ஊர் நாட்டார் தடியை மணலில் ஊன்றினார். அவருக்குப் பேச்சு சுருக்கம். "லாஞ்சைத் திட்டுலேருந்து இழுக்க நாப்பது கை வேணும். எங்க கைதான் இருக்குது. இனிமே அந்தப் பாரு மேல நிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு, இழுக்கறோம். இல்லன்னா அது அங்கயே கெடந்து கெளிஞ்சல் ஏறட்டும். காகிதத்தை உங்க சங்கத்துக்கும் சர்க்காருக்கும் ஐயா குடுத்துடுவாரு."

சிற்றம்பலம் புத்தகத்தின்மேல் கைவைத்து முணுமுணுத்தார்.

"கேக்கல!" என்று கத்தினார் குப்பன்.

"எங்க ஊரு ரகசியம் மாதிரி சொல்லுங்க!" என்றார் சின்னப்பிள்ளை.

சிற்றம்பலம் சொன்னார். பரங்கிப்பேட்டை வரை கேட்டது.

விலக்கு தள்ளுபடியானது. மாசி மகம் வரைக்கும் பாரின்மேல் தினம் இரண்டு கட்டுமரம் காவல் நிற்கட்டும், முதல் முறை மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே மரத்தில் போகட்டும் என்று தீர்ப்பாயிற்று. அதுவே தண்டனை என்று இருவரும் முனகினார்கள். ஆனால் அப்போதே ஒருவர் துடுப்பை மற்றவர் எடுத்துப் பார்த்துக் குறை சொல்லத் தொடங்கியிருந்தார்.

நாட்டாருக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "எல்லாம் சரி. நாளைக்குப் புயல்ல ரெண்டு பேரும் போயிட்டா? நந்திகிட்டயும் இனி சொல்ல முடியாது. யாருகிட்டதான் ஒப்படைக்கிறது?"

"என்கிட்ட ரெண்டு குறியும் இருக்குது" என்றாள் ராணியம்மாள்.

சின்னப்பிள்ளை எழுந்தே விட்டார்.

"தோப்புக் குறியை எங்கப்பா அண்ணனுக்குச் சொல்லிக் குடுக்கறப்ப நான் அடுப்பண்ட இருந்தேன். பொம்பளைப் புள்ளதானேன்னு யாரும் வெளிய போகச் சொல்லல. கோபுரக் குறியை இந்த மனுஷன் தூக்கத்துல சொல்லுவாரு. இவரு தூங்கிக்கினு சொன்னா பக்கத்து வூட்டுக் கோழி எழுந்துடும். ஒரு வூட்டுல ஒரு சாவி, இன்னொரு வூட்டுல ஒரு சாவின்னு பிரிச்சி வச்சீங்க. அப்பறம் நீங்களேதான் சம்பந்தம் பேசி என்னை இங்க கட்டிக் குடுத்தீங்க."

"எத்தினி வருஷமா?" என்றார் நாட்டார், குரல் இறங்கி.

"கண்ணாலம் ஆன நாள்லேருந்து. பதினோரு வருஷம்."

"மெய்யாலுமா? எங்க, சொல்லு பாப்போம்!" என்றார் நாட்டார்.

மேட்டுக்குப்பம் முழுவதும் ஓரடி முன்னால் வந்து காதைக் கொடுத்தது. நிபுணர்கூட மணியடிக்காத காதைத் திருப்பிக்கொண்டார்.

ராணியம்மாள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். தூக்குப் பாத்திரத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இப்படிக் கேக்கறவங்ககிட்ட சொல்லாம இருந்துதான் பதினோரு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.